பெயர் என்றால் பெயர்தான்

பாங்க் சலானில் பெயர் எழுதும் இடத்தில், 'ராமசாமி, அப்படியே எல்லார் கணக்கையும் காட்டு' என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். கேஷியர் முறைப்பார், அவ்வளவுதான். அங்கே இருப்பது பெயர், உத்தரவல்ல என்று அவருக்குத் தெரியும். சில வெப்சைட்களுக்கு இது தெரிவதில்லை.

நீங்கள் டைப் அடிப்பதை அப்படியே டேட்டாபேஸுக்குப் போகும் எஸ்.க்யூ.எல். கட்டளையோடு ஒட்டிவிடுகிறார்கள். விஷமக்காரன் ஒரு மேற்கோள்குறி போட்டு, 'அல்லது 1=1' என்று சேர்த்தால் போச்சு. 1=1 எப்போதும் உண்மையாச்சே! எல்லார் ஜாதகமும் வெளியே வந்துவிடும்.

'ஃப்ராக்' என்ற ஹேக்கர் பத்திரிகையில் 1998-லேயே இந்த ஓட்டையைப் பற்றி எழுதியாகிவிட்டது. 2015-ல் பிரிட்டனின் டாக்டாக் கம்பெனியிலிருந்து இதே ஓட்டை வழியாகச் சுமார் 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரங்கள் திருடு போயின. மறு வருஷம் அபராதம், 4 லட்சம் பவுண்டு.

'நாங்கதான் மேற்கோள்குறியை வடிகட்டிடறோமே' என்பார்கள். ஓ'பிரையன் என்று பெயருள்ள ஐரிஷ்காரர் என்ன பாவம் செய்தார்? தவிர, எண் கேட்கும் இடத்தில் திருடனுக்கு மேற்கோள்குறியே தேவையில்லை.

மருந்து, பாராமீட்டர். கட்டளையில் பெயர் வரும் இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, பெயரைத் தனியாகக் கொடுப்பது. அதில் என்ன விஷமம் இருந்தாலும் டேட்டாபேஸ் வெறும் பெயராகத்தான் பார்க்கும். கூடுதல் வேலை, இரண்டு மூன்று வரிகள். அதற்கும் சோம்பல் என்றால் மன்னிக்க முடியாது. தொலைவது அவர்கள் பாங்க் நம்பர் இல்லை, உங்களுடையது.

அடுத்த முறை ஏதாவது கம்பெனி 'அதிநவீனத் தாக்குதல்' என்று அறிக்கை விட்டால், ஒரே கேள்வி கேளுங்கள்: 'பாராமீட்டர் போட்டீங்களா, சார்?'