சர்வே எண் தேதியாக மாறலாமா?

கணினியில் எக்ஸெலைத் திறந்து, ஏதாவது ஒரு கட்டத்தில் 5/2 என்று தட்டிப் பாருங்கள். ஓர் உழவருக்கு அது அவருடைய காட்டின் அடையாளம்: ஐந்தாம் சர்வே எண், இரண்டாம் உட்பிரிவு. எக்ஸெலுக்கு அது பிப்ரவரி 5. என்டர் பொத்தானை அழுத்திய நொடியில் "05-பிப்" என்று மாற்றிவிடும். பதறிப்போய் அந்தக் கட்டத்தைச் சாதாரண எண் வடிவத்துக்குத் திருப்பினாலும் 5/2 திரும்பி வராது. 2024ஆம் ஆண்டில் தட்டியிருந்தால் 45327 என்று வந்து நிற்கும். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நாள்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வரும் கணக்கு அது. அமெரிக்கத் தேதி முறையில் அமைந்த கணினி என்றால், அதே 5/2 மே மாதம் 2ஆம் தேதியாகிவிடும்.

ஆதார் எண்ணின் கதையும் இதுதான். 12 இலக்கங்களை இடைவெளியின்றித் தட்டினால், எக்ஸெல் அதை ஒரு பெருந்தொகையாக எடுத்துக்கொண்டு, தசமப் புள்ளியோடு சுருக்கிக் காட்டும். அந்தக் கோப்பை அப்படியே சிஎஸ்வி வடிவில் சேமித்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினால், திரையில் தெரிந்த சுருக்கம் மட்டுமே போய்ச் சேரும். கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். வங்கிக் கணக்கு எண் 16 இலக்கம் கொண்டதாக இருந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகும். எக்ஸெல் 15 இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. யானை மிதித்த பயிருக்கு இழப்பீடு வரவேண்டிய பட்டியலில் இப்படி ஒரு பூஜ்யம் விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டோர ஊர்களில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கோபிநத்தம் அப்படியொரு காட்டோர ஊர். கர்நாடகத்தின் ஹனூர் தாலுகாவில், காவிரி வனவிலங்கு சரணாலயக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. வீரப்பன் பிறந்த ஊர் என்றே வெளியுலகம் அதை அறியும். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் கன்னடம் என்று வாழ்கிறவர்கள் அங்கே பெரும்பான்மை. பாலாற்றைத் தாண்டினால் மேட்டூர், கொளத்தூர். இந்த ஊர் அப்போது அடங்கியிருந்த கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது; பிறகு மைசூரு மாவட்டத்துக்குப் போனது; 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் காகிதங்கள்தான் மாவட்டம் மாவட்டமாக அலைந்தன. இப்போது அந்தக் காகிதங்கள் கோப்புகளாகிவிட்டன. மென்பொருள்களுக்கு இடையிலான பொருத்தமின்மை நகரத்து அலுவலகத்தில் அரை மணி நேர எரிச்சல். இரண்டு மாநிலம், இரண்டு எழுத்து, ஒரே வாழ்க்கை என்று இருப்பவர்களுக்கு அது பட்டா, சாதிச் சான்று, பென்ஷன் எல்லாவற்றையும் தொடும் விஷயம்.

சிக்கலின் வேர் எண்களில் தொடங்கவில்லை, எழுத்தில் தொடங்கியது. பழைய எழுத்துருக்கள் கணினியை ஏமாற்றித்தான் தமிழைக் காட்டின. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. இவ்வளவுதான் கோப்புக்குள் இருக்கும். தமிழ் அந்தக் கோப்பில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்தியிருந்தார்கள். போர்வை விலகினால் கிறுக்கல்தான் மிச்சம். தமிழக அரசு அலுவலகங்களில் வானவில் அவ்வையார் எழுத்துருவும் இதே வழியில் இயங்கியதுதான். கர்நாடகத்தில், கன்னட கணக பரிஷத் உருவாக்கிய 'நுடி'யின் பழைய எழுத்துருக்களும் அப்படியே. 'பூமி' திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி நில ஆவணங்களைக் கர்நாடகம் கணினியில் ஏற்றியது பெரிய சாதனை. ஆனால் பஹணி என்னும் நில உரிமைச் சீட்டு கணினிக்குள் போய்விட்டதால் மட்டும், அதிலுள்ள பெயர் அலுவலகத்துக்கு அலுவலகம் சிதையாமல் போய்ச் சேரும் என்று சொல்லிவிட முடியாது.

தமிழகம் இதைத் தீர்க்க முயலவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக அறிவிக்கப்பட்டன. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, உலகப் பொதுக் குறியீடான யூனிகோடை ஏற்று அரசாணை வந்தது. ஆணை வந்த பிறகும் பழைய எழுத்துரு ஏன் உயிரோடு இருக்கிறது? எழுத்தர்களின் சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அலுவலகத்தில் புதிய கடிதம் பெரும்பாலும் புதிதாகப் பிறப்பதில்லை. போன வருடக் கடிதத்தைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, வேறு பெயரில் சேமிக்கிறார்கள். அந்த மாதிரிக் கடிதத்தை யாராவது ஒருவர் ஒருமுறை உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றித் தரவேண்டும். அதற்கு நேரமும் ஆளும் ஒதுக்காமல் ஆணை மட்டும் போட்டால் ஆணை கோப்பிலேயே இருக்கும். மாற்றுவதற்கான கருவிகளைக்கூடப் பலர் எப்போதோ இலவசமாகச் செய்து கொடுத்துவிட்டார்கள். சுரதா, என்எச்எம் கன்வர்ட்டர் என்ற பெயர்களை டிடிபி வேலை செய்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

யூனிகோடு வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? பெரும்பாலும் ஆகும், முழுக்க ஆகாது. 'ஸ்ரீ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். அதை 'ஸ'வை அடியாகக் கொண்டும் எழுதலாம். 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'வை அடியாகக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ இரண்டும் வேறு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. கோபிநத்தத்தில் மாரியம்மன் கோயில் கட்டித் தந்து, 1991இல் வீரப்பனால் கொல்லப்பட்ட வன அதிகாரி ஸ்ரீநிவாஸின் பெயரைத் தமிழில் தேடினாலே இந்தச் சிக்கல் வரும். ஆவணத்தில் பெயர் இருக்கும். தேடினால் "இல்லை" என்று பதில் வரும். பெயர் தன் கண்முன் இருப்பதைக் காகிதத்தில் காட்டி வாதாட ஒரு முதியவரால் முடியும். திரைக்கு முன்னால் அவர் என்ன செய்வார்?

ஊரின் பெயருக்கே இன்னொரு சோதனை இருக்கிறது. இந்திய எழுத்துகள் பலவும் யூனிகோடில் ஒரே சட்டகத்தில் அடுக்கப்பட்டவை. கன்னட எழுத்து ஒன்றின் எண்ணிலிருந்து 256ஐக் கழித்தால் அதற்கு நேரான தமிழ் எழுத்தின் இடம் கிடைக்கும். அதனால் கன்னடப் பட்டியலைத் தமிழாக்க இந்தக் குறுக்குவழியைப் பயன்படுத்தும் ஆசை நிரலாளர்களுக்கு வரும். ஆனால் கன்னடத்தின் ககர வரிசையில் நான்கு எழுத்துகள்; தமிழில் ஒன்றுதான். கோபிநத்தம் கன்னடத்தில் மூன்றாம் ககரத்தில் தொடங்குகிறது. 256ஐக் கழித்துப் போய் நின்றால் அந்த இடம் காலி. ஊர்ப் பெயரின் முதலெழுத்தே கட்டமாகத் தெரியும். எழுத்துக்கு எழுத்து எது என்று மொழி தெரிந்தவர் உட்கார்ந்து போட்ட அட்டவணை இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

கோப்பு வடிவம் பற்றியும் ஒரு வார்த்தை. லதா எழுத்துருவில் அமைத்த கடிதம் விண்டோஸ் 10இல் இடம் மாறித் தெரியக் காரணம், அந்த எழுத்துரு இப்போது தனியாக நிறுவிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. வேர்டில் ஒரே பக்கத்தில் அடங்கிய மனு லிபரெஆபிஸில் இரண்டாம் பக்கத்துக்கு வழிவதும் பெரும்பாலும் இதனால்தான்: எழுத்துரு இல்லை, வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. இதையெல்லாம் சில்லறை விஷயம் என்பவர்கள் பிரிட்டனைப் பார்க்கட்டும். 2020 அக்டோபரில் அங்கே 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் கணக்கில் சேராமல் விடுபட்டது தெரியவந்தது. பழைய எக்ஸெல் வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது என்பதுதான் காரணம். ஒரு நிறுவனத்தின் கோப்பு வடிவத்தையே நம்பியிருக்கும் ஆபத்து இந்தியாவுக்கு முன்பே தெரியும். மைக்ரோசாஃப்டின் ஆவண வடிவம் உலகத் தரமாக வாக்கெடுப்புக்கு வந்தபோது 2007இல் இந்தியா எதிர்த்தே வாக்களித்தது. 2010 நவம்பரில் மின்னாளுகைக்குத் திறந்த தரங்கள் என்ற கொள்கையையும் மத்திய அரசு வெளியிட்டது. தாலுகா அலுவலக மேசைவரை அது இறங்கி வரவேண்டும்.

எந்த மென்பொருளை வாங்குவது என்பது அரசின் விருப்பம். ஆனால் ஒருவரின் பெயரும் நில எண்ணும் அந்த மென்பொருளுக்குச் சொந்தமாகிவிடக் கூடாது. ஹனூர், மேட்டூர் தாலுகா அலுவலகங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: எல்லையோர மக்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கன்னடத்திலும் தமிழிலும் யூனிகோடில், அருகருகே இரண்டு பத்திகளில், உரியவரிடம் படித்துக் காட்டி எழுதுங்கள். சர்வே எண், ஆதார் எண், கணக்கு எண் வரும் பத்திகளைத் தட்டத் தொடங்கும் முன்பே 'உரை' வடிவத்துக்கு மாற்றிவையுங்கள். அதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. பத்தியைத் தேர்ந்தெடுத்து இரண்டு சொடுக்கு போதும்.