கீழே நிற்கும் சுரம்



பள்ளித் தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்கும் நாட்களில் பெற்றோர் சிலர் ஒரே வினாவை வெவ்வேறு சொற்களில் நம்மிடம் கேட்பதுண்டு. "ஃபாதர், பையன் பேஸ் கிட்டார் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறான். வீட்டில் ஏற்கெனவே ஒரு கிட்டார் இருக்கிறது; அது போதாதா? இதற்கென்று தனியாக ஒரு பெட்டியும் வாங்கவேண்டுமாமே?" வினா எளியதுதான். ஆயினும் அதன் பின்னே ஒரு மாதச் சம்பளமோ, அடகுக்குப் போகவிருக்கும் ஒரு நகையோ காத்திருக்கிறது. வாங்கிக் கொடுத்த ஆறாம் மாதமே கருவி உறைக்குள் உறங்கத் தொடங்குமானால், நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. "நீ எதையும் முழுதாய்ச் செய்யமாட்டாய்" என்னும் சொல் அப்பிள்ளையின்மேல் பல்லாண்டுகள் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே இத்திங்கள் இப்பொருளைச் சற்று விரிவாகவே காண்போம்.

நம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். பேஸ் கிட்டாருக்கு வாங்கவேண்டியவை சில, கற்கவேண்டியவை பல. இந்த உண்மையை மறந்து கடைக்குப் போகும்போதுதான் கருவி கட்டிலுக்கடியில் போய்ச் சேருகிறது.

பேஸ் என்பது சாதாரணக் கிட்டாரின் பெரிய வடிவமன்று. அதன் பணியே வேறு. பழைய இசைக்குழுக்களில் ஆள் உயரத்திற்கும் மேலாக நின்ற 'டபுள் பேஸ்' என்னும் பெரிய வயலின் செய்த வேலையை இது செய்கிறது. 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் என்பார், தோளில் மாட்டிக்கொள்ளத்தக்க மின்சாரப் பேஸ் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னரும் சிலர் முயன்றதுண்டு. பரவலாக நிலைத்தது இவருடையதே. வீணையில் இருப்பதுபோல் இதில் மெட்டுகள் உண்டு. ஆகவே சுரம் பிசகாமல் துல்லியமாக ஒலிக்கும் என்னும் பொருளில் அதற்குப் 'பிரிசிஷன்' என்று பெயரிட்டார். வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர் அவர். கிட்டார் வாசிக்க அறியாதவர். வாசிப்போர் சொன்ன குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டே கருவிகளைத் திருத்தினார்.

இதில் நான்கு கம்பிகள். ஈ, ஏ, டி, ஜி என்பன அவற்றின் சுரங்கள். சாதாரணக் கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளுக்கும் இவையே பெயர். ஆனால் பேஸில் அவை ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கின்றன. மிகத் தடித்த கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. வீட்டிலுள்ள கிட்டார் போதாது என்று பிள்ளை சொல்வதில் உண்மை உண்டு என்பதைப் பெற்றோர் இதனால் உணரலாம்.

இனி, அந்தக் கீழ்ச்சுரம் என்ன செய்கிறது என்பதை ஒரு சிறு சோதனையால் அறிவோம். வீட்டில் நால்வர் பாடக்கூடியவராயிருந்தால் இன்றே செய்து பார்க்கலாம். மூவர் சங்கராபரணத்தின் ச, க, ப ஆகிய மூன்று சுரங்களை ஒரே வேளையில் நீட்டிப் பாடட்டும். நான்காமவர் அவற்றின் கீழே மந்தர ஸ்தாயியில் ச பாடினால், வீட்டு வாசலில் வந்து நின்றதுபோன்ற நிறைவு பிறக்கும். மூவரும் தம் சுரத்தை மாற்றாதிருக்க, நான்காமவர் மட்டும் மந்தரத்தில் த பாடட்டும். அதே மூன்று சுரங்கள் திடீரென ஏக்கம் கொள்ளும். மீண்டும் அவர் மந்தரத்தில் க பாடினால், இன்னும் எங்கோ போகவேண்டியிருப்பதுபோல் இசை அமைதியற்று நிற்கும். மேலே இருந்த மூவரும் எதையும் மாற்றவில்லை. கீழே நின்ற ஒருவர் மாறினார், பொருளே மாறிவிட்டது.

இதுதான் பேஸ் வாசிப்பவரின் அதிகாரம்; இதுவே அவருடைய பொறுப்பும் ஆகும். பாடுகிறவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் பாட்டு சற்றே தடுமாறும். கீழ்ச்சுரம் தவறினாலோ எல்லாருடைய சுரமும் தவறாகத் தோன்றும். ஆகவே இசைக் கோட்பாடு என்பது பேஸ் பயில்வோருக்குப் பிற்காலத்தில் சேர்த்துக்கொள்ளும் அணிகலன் அன்று. முதல் நாளிலிருந்தே தேவைப்படும் அன்னம்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்றொருவர் இருந்தார். 1960-களில் மோட்டவுன் நிறுவனம் வெளியிட்டு உலகெங்கும் ஒலித்த எண்ணற்ற பாடல்களுக்குப் பேஸ் வாசித்தவர் அவரே. பள்ளி நாட்களில் டபுள் பேஸ் முறையாகப் பயின்றவர். வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே பெரும்பாலும் மீட்டினார். 1962-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரே பிரிசிஷன் பேஸைத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார். கம்பி அறுந்தாலன்றி அதை மாற்றமாட்டார் என்பர். இசைத்தட்டுகளில் பாடகர் பெயர் இருக்கும். வாத்தியம் வாசித்தோர் பெயர் இராது. 1971-இல் மார்வின் கே வெளியிட்ட ஒரு தொகுப்பில்தான் ஜேமர்சனின் பெயர் சிறப்பாக அச்சேறியது. 1983-இல் அவர் இறந்தபோது வயது 47. இன்றைய பேஸ் இசைஞர் பலர் அவரையே தம் ஆசானாகக் கருதுகின்றனர். ஒரு கருவியும் ஒரு விரலும் அவருக்குப் போதுமாயிருந்தன. ஏனெனில் மேலே போகும் இசைக்கு எந்தச் சுரம் கீழே தேவை என்பதை அவர் காது அறிந்திருந்தது.

இனி வாங்கவேண்டியவற்றைக் காண்போம். முதலாவது கருவி. தொடக்க நிலைக்கு நான்கு கம்பிக் கருவியே சாலும். ஐந்தும் ஆறும் பின்னர் ஆகட்டும். வழக்கமான பேஸில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். கை சிறிதாயுள்ள பிள்ளைகளுக்கு 30 அங்குல அளவிலும் கிடைக்கிறது. பழைய கருவியாயின் கழுத்து வளைந்திருக்கிறதா என்று விவரம் அறிந்த ஒருவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். கம்பி மெட்டிலிருந்து மிக உயரத்தில் இருந்தால் விரல் நோகும்; பிள்ளை ஒரு வாரத்தில் சலித்துவிடும். அதைச் சரிசெய்ய ஆகும் சிறு கூலி, விலையுயர்ந்த கருவியைவிட அதிகப் பயன் தரும். சில கருவிகளில் 9 வோல்ட் பேட்டரி இருக்கும். வாசித்து முடித்ததும் ஒயரைக் கழற்றி வைக்காவிடில் அது வீணே தீர்ந்துபோகும்.

இரண்டாவது, பெற்றோர் அஞ்சும் அந்தப் பெட்டி, அதாவது ஆம்ப்ளிபயர். வீட்டில் பழகுவதற்கு 15 முதல் 30 வாட் வரையுள்ள சிறியது போதும். ஹெட்போன் மாட்டும் வசதி அதில் இருந்தால், வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் தங்கைக்கும் பேஸ் பழகும் அண்ணனுக்கும் சண்டை வராது. டிரம்ஸுடன் சேர்ந்து வாசிக்கும் நாளில்தான் நூற்றுக்கணக்கான வாட் தேவைப்படும். அன்று அதைப் பற்றிச் சிந்திக்கலாம். சாதாரணக் கிட்டாருக்கென்று செய்த சிறு பெட்டியில் பேஸை உரக்க வாசித்தால் ஸ்பீக்கர் கெட்டுவிடக்கூடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது மின்சாரம் பற்றியது. 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்னும் இளம் கிட்டார் இசைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மாண்டார். மூன்று முனை பிளக்கின் ஒரு முனையை ஒடித்துவிட்டுச் செருகும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அதை ஒருபோதும் அனுமதியாதீர்கள். வீட்டில் எர்த் இணைப்புச் சரியாயுள்ளதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதியுங்கள். இரண்டாவது செவி பற்றியது. வாரத்தில் 40 மணி நேரம் கேட்பதாயின் ஒலி 80 டெசிபலுக்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஒலி ஒவ்வொரு 3 டெசிபல் உயரும்போதும் அந்நேரம் பாதியாகக் குறைக்கப்படவேண்டும். ஹெட்போன் பிறரைக் காக்கும். ஒலியை அடக்கி வைத்தால்தான் அணிந்தவரையும் காக்கும்.

மூன்றாவது, பயிற்சிக்குத் துணையாகும் கருவிகள். சுருதி காட்டும் டியூனரும் தாளம் தட்டும் மெட்ரோனோமும் இன்றியமையாதவை. முன்னர் இவற்றைத் தனித்தனியே வாங்கவேண்டியிருந்தது. இன்றோ வீட்டிலுள்ள கைப்பேசியில் இரண்டையும் காசின்றியே பெறலாம். 1815-இல் மால்சல் என்பார் காப்புரிமை பெற்ற மெட்ரோனோம், இன்றளவும் இசை மாணவருக்கு அலுக்காத ஆசானாக இருக்கிறது.

அதை நிமிடத்திற்கு 60 தட்டு என்று வைத்து, ஒரே கம்பியில் தட்டுக்கு ஒரு சுரமாக, ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மாறி மாறி மீட்டிப் பழகவேண்டும். பிழையின்றி வந்த பின்னரே நான்கு ஐந்து தட்டுகள் கூட்டலாம். அடுத்த நிலையில், தட்டும் ஒலியை நான்கெண்ணத்தின் இரண்டாவதும் நான்காவதுமாகக் கொண்டு, ஒன்றையும் மூன்றையும் தாமே மனத்தில் எண்ணி வாசிக்கவேண்டும். அப்போதுதான் தாளம் கருவியிலிருந்து இறங்கி மாணவனுக்குள் குடியேறும். மீட்டாத கம்பிகளை இரு கைகளாலும் மெல்லத் தொட்டு அடக்கி வைப்பதும் ஒரு பயிற்சியே. பேஸில் ஒலியைத் தொடங்குவது எவ்வளவு முக்கியமோ, உரிய இடத்தில் நிறுத்துவதும் அவ்வளவு முக்கியம். நாள்தோறும் அரை மணி நேரம் போதும். ஞாயிறு ஒரே நாளில் நான்கு மணி நேரம் வாசிப்பது அதற்கு ஈடாகாது.

இறுதியாக இசைக் கோட்பாடு. பெயரைக் கேட்டு அஞ்சவேண்டா. முதலில் ஒவ்வொரு கம்பியிலும் பன்னிரண்டாம் மெட்டு வரையுள்ள சுரங்களின் பெயரைப் பாராமல் சொல்லப் பழகவேண்டும். பின்னர் மேஜர் ஸ்கேல். இது நம் சங்கராபரணமே. மைனர் என்பது நடபைரவி. நம் செவி முன்பே அறிந்த இவ்விரண்டுக்கும் மேல்நாட்டுப் பெயரைப் பொருத்திக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அடுத்து 'கார்ட்' எனப்படும் சுரக்கூட்டு. ஏ கம்பியின் மூன்றாம் மெட்டில் சி இருக்கிறது. அதே மூன்றாம் மெட்டில் மேலுள்ள டி கம்பியில் எஃப், கீழுள்ள ஈ கம்பியில் ஜி. இம்மூன்று சுரங்களைக் கொண்டே எளிய பாடல்கள் பலவற்றிற்குத் துணை வாசித்துவிடலாம். கையை அப்படியே ஐந்தாம் மெட்டுக்கு நகர்த்தினால் டி, ஜி, ஏ கிடைக்கும். சுருதி மாறியது, வழி மாறவில்லை. ஏன் அவ்வாறு என்று கேட்கும் மாணவனே கோட்பாட்டின் வாசலைத் தட்டுகிறான்.

பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி குய்தோ, பாடற்குழுச் சிறுவர்கள் பாடல்களைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்ய ஆண்டுக்கணக்காகத் தவிப்பதைக் கண்டார். புனித திருமுழுக்கு யோவானைப் போற்றும் பாடலொன்றின் அடிகளில் முதலசைகளை எடுத்து உத், ரே, மி, ஃபா, சோல், லா என்று சுரங்களுக்குப் பெயரிட்டார். பாடாத பாட்டையும் கண்ணால் கண்டு பாடும் வழி அதனால் எளிதாயிற்று. கோட்பாடு என்பது கற்போரின் சுமையைக் குறைப்பதற்கே பிறந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

"பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்கு இசைக்குறி வாசிக்கத் தெரியாதாமே?" என்று இளைஞர் சிலர் வாதிடக்கூடும். உண்மைதான். ஆனால் குறி வாசிப்பது வேறு, இசையின் அமைப்பை அறிவது வேறு. அவருடைய தந்தை 1920-களில் சொந்தமாக ஓர் இசைக்குழு நடத்தியவர். பருத்தி வணிகத்தில் பணியாற்றிய அத்தந்தை, வானொலியில் பாட்டு ஒலிக்கையில் எது பேஸ் என்று மகனுக்குச் சுட்டிக் காட்டுவாராம். எழுத்தில்லாத கோட்பாட்டு வகுப்பு அவ்வீட்டுக் கூடத்திலேயே நடந்திருக்கிறது. அத்தகைய தந்தை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காதோருக்கு ஆசிரியரும் புத்தகமும் துணை.

எனவே பெற்றோருக்கு நம் வேண்டுகோள் இது. கையிலிருக்கும் தொகை முழுவதையும் கடையில் கொடுத்துவிடாதீர்கள். நடுத்தரமான கருவி ஒன்றை வாங்கி, மிச்சத்தை ஆறு மாத ஆசிரியர் கட்டணமாக ஒதுக்கி வையுங்கள். கடன் வாங்கித்தான் ஆகவேண்டுமெனில் காத்திருங்கள். அதுவரை வீட்டிலுள்ள கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளில் மேற்சொன்ன பாடங்களைப் பிள்ளை பழகட்டும். பெயரும் இடமும் ஒன்றே. மூன்று மாதம் தவறாமல் பழகுகிற பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பது வீணாகாது.

மற்றொன்று. கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் கீழ்ச்சுரம் பெரும்பாலும் கேட்பதில்லை. ஹெட்போனின் ஒரு காதை மகனும் மறு காதை நீங்களுமாக வைத்துக்கொண்டு, குடும்பத்திற்குப் பிடித்த பாடல் ஒன்றைக் கேளுங்கள். "இதில் பேஸ் எது?" என்று அவனைக் கேளுங்கள். அவன் விரல் அசைத்துக் காட்டுவான். வாத்தியம் கையில் வருமுன்னே அவனுடைய முதற்பாடம் தொடங்கிவிடும். ஆசிரியராக அன்று அவனே இருப்பான்.