மாயக்கதையும் அருஞ்சொல்லும்

நம் தமிழ்ப்பள்ளிகளில் அருஞ்சொற்கள் பெரும்பாலும் பட்டியலாகவே பிள்ளைகளிடம் போய்ச் சேர்கின்றன. செய்யுள், மொழியணி என்ற பகுதியில் மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி, உவமைத்தொடர், பழமொழி என்று ஆண்டு வாரியாக வகுத்துத் தந்திருக்கிறார்கள். தொடர் ஒரு பக்கம், பொருள் மறு பக்கம். பிள்ளை மனனம் செய்கிறது. கேட்டால் பிழையின்றி ஒப்பிக்கிறது. அதே பிள்ளை எழுதும் கட்டுரையில் அந்தத் தொடர் தலைகாட்டுவதில்லை. காட்டினாலும் பொருந்தாத இடத்தில் வந்து நிற்கிறது. ஜொகூரின் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகளிலும் ஆசிரியர்கள் இதற்காக எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதை அறியாமல் இதைச் சொல்லவில்லை. அவர்கள் கையில் தரப்பட்டிருக்கும் கருவி போதாது என்பதே எம் கருத்து. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கடினமான தமிழ்ச்சொற்களைச் சேர்ப்பிக்க நம்மிடம் உள்ள வழிகளில் மிகச் சிறந்தது ஒரு நீண்ட மாயக்கதை, அதாவது மிகுபுனைவு நாவல். அந்த வழியை நாம் இன்னும் முறையாகத் திறக்கவே இல்லை.

முதலில் நீளத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 1980களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் நாகியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கும்போது புதுச்சொற்களை எப்படிக் கற்கிறார்கள் என்று அளந்து பார்த்தார்கள். தெரியாத சொல்லை ஒருமுறை பார்த்த அளவில் அதன் பொருள் மனத்தில் தங்கும் வாய்ப்பு ஏறத்தாழ இருபதில் ஒன்றுதான் என்று தெரிந்தது. கேட்டவுடன் சோர்வு தரும் கணக்கு இது. ஆனால் அதே சொல் ஒரே நூலில் பதினான்கு இடங்களில் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சந்திப்பும் அதே அளவு பயன் தந்தால்கூட, நூல் முடிவதற்குள் அந்தச் சொல் வசப்படும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. இரண்டு பக்கச் சிறுகதையிலோ கருத்துணர் பத்தியிலோ ‘அகழி’ என்ற சொல் ஒருமுறை வந்து போகும். முந்நூறு பக்க மாயக்கதையில் கோட்டை முற்றுகையிடப்பட்டால் அகழியை வீரர்கள் பார்ப்பார்கள், அஞ்சுவார்கள், நீந்துவார்கள், அதன் முதலைகளுக்கு இரையாவார்கள், கடைசியில் தூர்ப்பார்கள். ஆறாவது இடத்தில் பிள்ளைக்கு அகராதி தேவைப்படாது.

இதற்கு மிகத் துணிச்சலான சோதனை 1978இல் நடந்தது. அந்தோணி பர்ஜஸ் என்ற எழுத்தாளர் நமக்கு அயலார் அல்லர். 1950களின் நடுவில் கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், மலாயாவைக் களமாக வைத்து மூன்று நாவல்கள் எழுதியவர். அவருடைய ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்சு’ நாவல் 1962இல் வெளிவந்தது. எதிர்காலத்தில் நடக்கும் கதை. இளைஞர்கள் பேசும் மொழியை ரஷ்யச் சொற்களைத் திரித்து அவரே ஆக்கிக்கொண்டார். இருநூற்றுக்கு மேற்பட்ட புதுச்சொற்கள், பெரும்பாலானவற்றுக்கு நேரடி விளக்கம் இல்லை. சரகி, நேஷன், மைஸ்டர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிலரிடம் சொற்பட்டியல் இல்லாத படியைக் கொடுத்துக் கதைக்காக மட்டும் படிக்கச் சொன்னார்கள். படித்து முடித்தபின் முன்னறிவிப்பு இல்லாமல் 90 சொற்களில் தேர்வு வைத்தார்கள். சராசரியாக 76 விழுக்காடு சரியான விடைகள் வந்தன. வேறு எந்த நூலிலும் முன்பு பார்த்திருக்க முடியாத சொற்கள் அவை. கதை ஒன்றே ஆசிரியர். (அந்த நாவலின் வன்முறை பிள்ளைகளுக்கு உரியதன்று. சோதனைக்காகவே அதை இங்கே எடுத்தோம்.) இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பவர்களை வைத்துப் பின்னால் நடந்த ஆய்வுகளில் பயன் இதைவிட வெகுவாகக் குறைந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. எழுத்துத் தமிழ் நம் பிள்ளைகள் பலருக்குத் தாய்மொழிக்கும் இரண்டாம் மொழிக்கும் இடைப்பட்ட நிலையில் இருப்பதால் இந்த வேறுபாடு நம்மை நேரடியாகத் தொடுகிறது. அதற்குக் கீழே வருகிறோம்.

நீளம் மட்டும் போதுமென்றால் எந்த நாவலும் போதுமே, மாயக்கதைக்கு என்ன தனிச்சிறப்பு என்ற கேள்வி எழும். தமிழகத்துச் சமூக நாவலை ஸ்கூடாயிலோ குளுவாங்கிலோ வளரும் பிள்ளையிடம் கொடுத்தால், சொல்லுக்கு முன்பாக ஊரே தடையாக நிற்கிறது. கண்மாய், களத்துமேடு, தாலுகா ஆபீஸ், பங்காளிச் சண்டை எல்லாம் வாசகருக்கு முன்பே தெரியும் என்று எண்ணித்தான் அந்த ஆசிரியர் எழுதியிருப்பார். விளக்க அவருக்குக் காரணமில்லை. மாயக்கதையில் அப்படி எண்ண வழியே கிடையாது. ஏழு மலைகளுக்கு அப்பாலுள்ள நாட்டுக்கு மதுரைப் பிள்ளையும் போனதில்லை, மாசாய்ப் பிள்ளையும் போனதில்லை. அந்த நாட்டின் கதவு எப்படித் திறக்கும், அதன் நாணயம் எது, அங்கே யாரைக் கண்டு யார் அஞ்சவேண்டும் என்பதையெல்லாம் ஆசிரியர் தாளிலேயே கட்டிக்காட்டியாக வேண்டும். கதாநாயகனும் அநேகமாக அங்கே புதியவனாகவே இருப்பான். அவன் கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது வாசகரும் தெரிந்துகொள்கிறார். மலேசியத் தமிழ்ப் பிள்ளை பின்தங்கிய இடத்திலிருந்து தொடங்கவேண்டாத ஒரே கதைவகை இதுதான் என்பது எம் உறுதியான எண்ணம். ஈழத்துப் பிள்ளைக்கும் கனடாவில் வளரும் பிள்ளைக்கும் இதே நன்மை உண்டு.

தமிழின் அமைப்பும் இதற்குத் துணைநிற்கிறது. நம் சொற்கள் வேற்றுமையும் விகுதியும் சந்தியும் ஏறி நீண்டு நிற்பவை. ‘நிலவறைக்குள்ளிருந்தெழுந்த’ என்று வரியில் இருப்பதை அகராதியில் தேடவேண்டுமானால் முதலில் அதைப் பிரிக்கத் தெரியவேண்டும். பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பொருளும் பாதி தெரிந்துவிடும். எனவே அகராதியைப் பார்த்துக்கொள் என்ற அறிவுரை பத்து வயதில் அவ்வளவாக உதவாது. கதைச்சூழலும் சொல்லின் உறுப்புகளும்தான் உதவும். நிலமும் அறையும் தெரிந்த பிள்ளை, நாயகி விளக்கோடு படியிறங்குவதையும் படித்தால் நிலவறையைத் தானே கண்டுகொள்ளும். அப்படிக் கண்டுகொண்ட சொல் எளிதில் மறப்பதில்லை.

மரபுத்தொடர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கங்கணம் கட்டுதல் என்றால் உறுதி பூணுதல் என்று பட்டியல் சொல்கிறது. ஏன் அப்படி என்று சொல்வதில்லை. வாகை சூடுதல், செஞ்சோற்றுக்கடன் கழித்தல், கொடிகட்டிப் பறத்தல் எல்லாம் இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்பில் வேரற்று நிற்கும் தொடர்கள். மாயக்கதையின் உலகில் அவை உண்மையாகவே நடக்கின்றன. இளவரசன் மணிக்கட்டில் காப்புநாண் கட்டிக்கொண்டு கிளம்புகிறான். அரக்கனின் உப்பைத் தின்றவன், தவறென்று தெரிந்தும், அவனுக்காகப் போரிட்டு மடிகிறான். செஞ்சோற்றுக்கடனை அந்த அத்தியாயத்தில் கண்ட பிள்ளை, அதைத் தேர்வுத்தாளில் எழுதினாலும் எழுதாவிட்டாலும், கர்ணனைப் பற்றிப் பேசும்போது தவறாமல் எடுத்துக்கொள்ளும்.

வாள், கேடயம், அம்பறாத்தூணி, வேதாளம் எல்லாம் வாழ்க்கைக்கு உதவாத சொற்களாயிற்றே என்பார்கள். மாயக்கதையில் புழங்கும் அருஞ்சொற்களில் ஆயுதங்களும் பூதங்களும் ஒரு சிறுபகுதிதான். ஐயம், வஞ்சினம், இரக்கம், தயக்கம், சூழ்ச்சி, துரோகம், ஈகை, மன்னிப்பு, எள்ளி நகையாடல், இறுமாந்து நிற்றல் ஆகியவையும் அங்கேதான் அடிக்கடி வருகின்றன. அறத்தையும் அச்சத்தையும் மையமாகக் கொண்டு ஓடும் கதைவகை என்பதால் மனநிலைகளைச் சொல்லும் சொற்கள் அதற்கு நிறையத் தேவைப்படுகின்றன. பதின்ம வயதுப் பிள்ளைக்குத் தன்னைச் சொல்லிக்கொள்ளத் தமிழில் கிடைக்காமல் போவது இந்தச் சொற்கள்தாம். ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ அது தாவுவதும் இந்த இடத்தில்தான்.

அடிப்படைச் சொற்களே போதாத பிள்ளை முந்நூறு பக்கத்தை எப்படித் தாண்டும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஒரு பனுவலைத் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்கவேண்டும் என்று ஹூ, நேஷன் இருவரும் 2000இல் ஆங்கிலத்தை வைத்துக் காட்டினார்கள். ஐம்பது சொல்லுக்கு ஒன்று. 200 சொற்கள் கொண்ட பக்கத்தில் நான்கு. அதற்கு மேற்பட்டால் கதை அறுந்துவிடும். தமிழுக்கு இந்த எண் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டோம், வழிகாட்டியாகக் கொள்ளலாம். ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014 முதல் 2020 வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளிவந்து 26 நாவல்களாக நிறைந்தபோது, ஆங்கிலச்சொல் கலவாத அந்த அடர்ந்த நடையைத் தொடர்ந்து வந்த வாசகர்கள் உண்டு. ஆனால் அவர்கள் வளர்ந்தவர்கள். ஆண்டு 5 பிள்ளைக்கு அதே ஆசிரியரின் ‘விஷ்ணுபுரம்’ கொடுக்கச் சொல்வது அறிவின்மை. பக்கத்துக்கு மூன்று நான்கு புதுச்சொற்கள் உள்ள நூல் வேண்டும். முதல் சில அத்தியாயங்களை ஆசிரியர் வகுப்பில் உரக்கப் படிக்கவேண்டும். பட்டியலையும் நாம் தூக்கி எறியச் சொல்லவில்லை. சொல்லையும் பொருளையும் விரைவாக இணைப்பதில் நேரடிப் பயிற்சிக்குப் பெரும்பயன் உண்டு என்பதை வாசிப்பை வலியுறுத்தும் பால் நேஷனே ஏற்கிறார். கதையில் சந்தித்த சொல்லைப் பிறகு பட்டியலில் காணும் பிள்ளைக்கு அது பழகிய முகம்.

தேர்வைக் காரணம் காட்டுவது இப்போது முன்போல் எளிதன்று. ஆரம்பப்பள்ளியின் முடிவில் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. கிடைத்த நேரத்தை மேலும் பயிற்றிகளால் நிரப்பிக்கொண்டோமா, வாசிப்புக்குத் தந்தோமா என்று ஒவ்வொரு பள்ளியும் எண்ணிப்பார்க்கலாம். நீலாம் வாசிப்புத் திட்டத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். படித்த நூல்களின் எண்ணிக்கைக்கு மதிப்புத் தரும்போது பிள்ளை பதினாறு பக்கப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு போவது இயல்பே. முந்நூறு பக்க நாவலும் பதினாறு பக்கப் படப்புத்தகமும் ஒரே ‘ஒன்று’ ஆகக்கூடாது. தேசிய இடைநிலைப்பள்ளியில் பெற்றோர் கேட்டு, குறைந்தது 15 மாணவர் சேர்ந்தால்தான் தமிழ் வகுப்பு என்ற நிலையில், ஆரம்பப்பள்ளியின் கடைசி மூன்று ஆண்டுகளில் தடித்த நூல் ஒன்றைப் படித்து முடித்த துணிவோடு பிள்ளையை அனுப்புவது மிகவும் தேவையாகிறது.

நூல் எங்கே என்பதுதான் உண்மையில் பதில் சொல்லக் கடினமான கேள்வி. முன்தலைமுறைக்கு அம்புலிமாமாவின் தொடர்கதைகளும் விக்கிரமாதித்தனும் இருந்தன, வாண்டுமாமா இருந்தார், சற்று வளர்ந்தவர்க்குக் கடாரத்துக்கே கப்பல் விட்ட சாண்டில்யனின் ‘கடல் புறா’ இருந்தது. மரக்கலத்தின் உறுப்புகளையெல்லாம் அகராதி தொடாமலே தெரிந்துகொண்ட வாசகர்கள் அதனால் உருவானார்கள். அம்புலிமாமா நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ இருக்கிறது. பி.எஸ்.வி. குமாரசாமி தமிழாக்கிய ‘ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்’ இருக்கிறது; ரசவாதம் என்ற சொல்லைத் தலைப்பிலேயே தயங்காமல் வைத்த மொழிபெயர்ப்பு. நம் நாட்டில் கெடாவைச் சேர்ந்த கே. பாலமுருகன் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ போன்ற சிறுவர் நாவல்களை எழுதி, மலேசியப் பிள்ளை தமிழில் நாவல் படிக்கும் என்று காட்டியிருக்கிறார். விரல்விட்டு எண்ணக்கூடிய இந்த நூல்களை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையின் சொல்வளத்தைக் கட்ட முடியாது.

எழுதப் பொருளில்லை என்று ஜொகூரில் இருப்பவர் எவரும் சொல்லமுடியாது. ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல் கோட்டை ஒன்று இருந்ததாகவும், இந்தியாவிலிருந்து பெரும்படையோடு வந்த அரசன் அதை வென்றதாகவும் பழைய மலாய் நூலான செஜாரா மெலாயு சொல்கிறது. ராஜா சூரன் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலடியில் இறங்கி, அங்கே ஆளும் அரசனின் மகளை மணந்து, கடல்வாழ் குதிரையேறிக் கரை திரும்பும் கதையும் அதில் உண்டு. பதிப்புக்குப் பதிப்பு பெயர்கள் சற்று மாறும். 1025இல் நடந்த ராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்பைப் பற்றிய மங்கிய நினைவு இவற்றில் கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். தங்காக்கிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் லேடாங் மலை. அதன் இளவரசி மலாக்கா சுல்தானிடம் பொன்பாலமும், ஏழு தட்டு நிறையக் கொசுக்களின் இதயமும், தாழி நிறையக் கண்ணீரும் கேட்டவள். தமிழ் அரசனும் மலாய் இளவரசியும் கடலடி நகரமும் ஒரே மாநிலத்தின் கதைப்புதையலில் இருக்கின்றன. தமிழ் மாயக்கதை எழுத இதைவிட நல்ல நிலம் வேறெங்கும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

ஆகவே இவ்விதழின் பக்கங்களைப் பத்து முதல் பதினான்கு வயதினருக்கான மாயத்தொடர்களுக்குத் திறந்துவைக்கிறோம். எழுத முன்வருவோரிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறோம். சொல்லைப் பிள்ளைக்காக எளிதாக்காதீர்கள். அகழியை ‘கோட்டையைச் சுற்றியுள்ள பள்ளம்’ என்று ஆக்கவேண்டாம். பக்கத்தின் அடியில் பொருள்விளக்கமும் வேண்டாம். அருஞ்சொல் ஒன்றைக் கொண்டுவந்தால் குறைந்தது ஏழெட்டு இடங்களில், வெவ்வேறு நிகழ்ச்சிகளில், அது மீண்டும் வரட்டும். வகுப்பில் ஒரு பாடவேளையில் உரக்கப் படித்து முடிக்கும் அளவுக்கு அத்தியாயம் இருக்கட்டும். தொடர் தொடங்கியபின் எந்தப் பள்ளி கேட்டாலும் அதன் அத்தியாயங்களைப் படியெடுத்துக்கொள்ள எழுத்தாளர் முன்கூட்டியே இசைவு தரவேண்டும்.