பத்து வரிதான் கேட்டோம்... முழு டேபிளுக்கும் பில்லா? - பிரவுசர் குவரிக்குப் பின்னால் ஓடும் மீட்டர்!

பிரவுசரில் ஒரு டேப். அதில் ஒரு காலிப் பெட்டி. இரண்டு வரி எஸ்.க்யூ.எல் எழுதி 'ரன்' பட்டனைத் தட்டினால், கோடிக்கணக்கான வரிகளில் இருந்து சில விநாடிகளில் பதில் வந்துவிடும். இன்ஜினீயர்கள் மட்டுமல்ல... மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ் டீமில் இருப்பவர்களும் இன்று இப்படித்தான் டேட்டா பார்க்கிறார்கள். பயன்படுத்த ரொம்ப ஈஸி. ஆனா, அந்த ஒரு தட்டலுக்கு எவ்வளவு செலவு என்பது பலருக்கும் மாதக் கடைசியில்தான் தெரிய வருகிறது.

இந்த வசதி எப்படி வந்தது?

ஹடூப் வந்த புதிதில், பெரிய டேட்டாவிடம் சின்னக் கேள்வி கேட்கவே ஜாவாவில் தனி புரோகிராம் எழுத வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தைக் குறைக்க ஃபேஸ்புக் பொறியாளர்கள் உருவாக்கியதுதான் 'ஹைவ்'. 2008-ல் அது ஓப்பன் சோர்ஸ் ஆனது. எஸ்.க்யூ.எல் போல எழுதினால் போதும், மற்ற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

2009-ல் கிளவுடெரா நிறுவனம் ஹடூப்பை பிரவுசர் வழியாகவே கையாளும் ஒரு கருவியைக் கொண்டுவந்தது. அதுதான் பின்னாளில் 'ஹியூ' என்று பெயர் மாறியது. கூகுளின் பிக்குவரி, 2016-ல் வந்த அமேசானின் அதீனா ஆகியவற்றிலும் இதே போன்ற எடிட்டர் இருக்கிறது.

'ரன்' தட்டியதும் என்ன நடக்கிறது?

பிரவுசர் எதையும் கணக்குப் போடுவதில்லை. நீங்கள் எழுதியதை சர்வருக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. அங்கே குவரி பல துண்டுகளாகப் பிரிந்து, பல கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் ஓடும். கடைசியில் பதிலைச் சேர்த்து, முதல் சில வரிகளை மட்டும் உங்கள் திரைக்கு அனுப்பும்.

அதனால், 'லேட் ஆகுதே' என்று டேப்பை மூடினால் குவரி நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். பிக்குவரியில் அது சர்வரில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். 'கேன்சல்' கொடுத்தாலும்கூட கட்டணம் வர வாய்ப்பு உண்டு.

லிமிட் 10 போட்டாலும் ஏன் முழு பில்?

பிக்குவரியின் ஆன்-டிமாண்ட் முறையில், எத்தனை வரி பதில் வந்தது என்பதற்குக் காசு இல்லை. பதிலைத் தேட எவ்வளவு டேட்டா படிக்கப்பட்டது என்பதற்குத்தான் காசு. அதீனாவின் வழக்கமான கட்டணமும் இதே கணக்குதான்.

'செலக்ட் ஸ்டார்' என்று எழுதினால் எல்லா காலமும் படிக்கப்படும். கிளஸ்டர் செய்யப்படாத டேபிளில், கடைசியில் சேர்க்கும் 'லிமிட் 10' திரையில் காட்டுவதைத்தான் குறைக்கும், படிப்பதைக் குறைக்காது.

2023 ஜூலைக்குப் பிறகு அமெரிக்கப் பகுதியில் பிக்குவரி கட்டணம் ஒரு டெராபைட்டுக்கு (1,024 ஜிபி கணக்கில்) 6.25 டாலர். மாதம் முதல் ஒரு டெராபைட் இலவசம். ஒரு பேச்சுக்கு, 2 டெராபைட் டேபிளை முழுசாகப் படிக்கும் குவரி என்று வைத்துக்கொள்வோம். இலவச அளவு தீர்ந்த பிறகு ஒருமுறை ஓட்டினால் 12.50 டாலர்தான். அதையே மணிக்கு ஒருமுறை புதுப்பிக்கும் டேஷ்போர்டில் வைத்தால்? ஒரு நாளைக்கு 300 டாலர். 30 நாளில் 9,000 டாலர்!

அதே குவரியை 24 மணி நேரத்துக்குள் திரும்ப ஓட்டினால் பழைய பதிலையே இலவசமாகத் தரும் வசதி இருக்கிறது. ஆனால், டேபிளில் புது டேட்டா சேர்ந்துகொண்டே இருந்தால் அது கைகொடுக்காது.

சொந்த சர்வரில் ஹியூ ஓட்டும் நிறுவனங்களுக்கு இப்படி பில் வராது. அங்கே விலை வேறு. ஒருவரின் கனமான குவரி ஓடும்போது, மற்றவர்களின் குவரி வரிசையில் காத்துக் கிடக்கும்.

எப்படித் தப்பிப்பது?

* மாதிரி பார்க்க மட்டும் என்றால் குவரியே வேண்டாம். பிக்குவரியில் டேபிளின் 'ப்ரிவியூ' பகுதி இலவசம்.
* தேவையான காலங்களின் பெயரை மட்டும் எழுதுங்கள்.
* தேதிவாரியாகப் பிரித்த டேபிள் என்றால் 'வேர்' பகுதியில் தேதியைக் கட்டாயம் கொடுங்கள்.
* ரன் தட்டும் முன், எவ்வளவு டேட்டா படிக்கப்படும் என்று எடிட்டரே காட்டும் மதிப்பீட்டை ஒருமுறை பாருங்கள்.

பொறுப்பு யாருடையது?

பில் எகிறினால் முதலில் கேள்வி வருவது குவரி எழுதிய ஜூனியர் மேல்தான். அடுத்ததாக, 'இனி டேட்டா டீம் மட்டும்தான் தொடணும்' என்று உத்தரவு வரும். அப்புறம் ஒரு சின்ன எண்ணிக்கைக்குக்கூட டிக்கெட் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஹைவ் எதை மாற்ற வந்ததோ, அதே இடத்துக்கே திரும்பிப் போன மாதிரிதான்.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. 'இந்த அளவுக்கு மேல் போனால் ஓடாதே' என்று ஒவ்வொரு குவரிக்கும் உச்சவரம்பு வைக்கலாம். பிக்குவரியில் அந்த வரம்பைத் தாண்டும் குவரி கட்டணம் இல்லாமலே நின்றுவிடும். ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்றும் கட்டுப்படுத்தலாம். தேதி கொடுக்காத குவரியை ஏற்காதபடி டேபிளையே அமைக்கலாம்.

இவை எல்லாம் அட்மின் கையில் இருக்கும் செட்டிங்குகள். வேகத்தடை போடாமல் சாவியை மட்டும் கொடுத்துவிட்டு, வண்டி ஓட்டியவரை மட்டும் திட்டுவதில் நியாயம் இல்லை. புது வேலையில் சேர்ந்து எடிட்டர் அக்சஸ் கிடைத்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எஸ்.க்யூ.எல்-லில் இல்லை: "இதுல எனக்கு லிமிட் எவ்வளவு வெச்சிருக்கீங்க?"