நகையைக் கழற்றும் முன், 'ஸ்பான்சர் யாரு'ன்னு கேளுங்க!



எனக்கு வயது 37. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கல்யாணம் செய்து வைத்து விட்டனர். கணவர், லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகள். அமெரிக்க விசாவைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தகுதி என்று நினைக்கலாம். என் ஒன்பது பவுன் ஆரம் தான் தகுதி. அதைத் தானே கேட்டனர்!

என் தம்பி, கேட்டரிங் டிகிரி முடித்து, கோவையில் ஒரு ஓட்டல் கிச்சனில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன். பங்குனி மாதம், அம்மாவை அழைத்துக் கொண்டு என் வீட்டுக்கு வந்தான். 'அக்கா, அமெரிக்காவுல ட்ரெயினிங். சம்பளமும் உண்டு. ஸ்பான்சர் ரெடியா இருக்காங்க. அஞ்சு லட்சம் கட்டணும். 40 ஆயிரம் அட்வான்ஸ் கட்டிட்டேன்' என்றான். அம்மா என் கழுத்தைப் பார்த்தபடியே, 'ஆறே மாசத்துல திருப்பிடலாம்டி' என்றார். கணவரோ, 'உன் தம்பி, உன் நகை, உன் இஷ்டம்' என்று சொல்லி, சட்டையை மாட்டிக் கொண்டு கிளம்பி விட்டார். இந்த 'உன் இஷ்டம்' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று, உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மறுநாள், தம்பியோடு அந்த ஏஜென்ட் ஆபீசுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுவரில் சுதந்திர தேவி சிலை படம். நான் ஒன்றே ஒன்று தான் கேட்டேன். 'ஸ்பான்சர்னா யாருங்க? நீங்களா, அந்த ஊர் ஓட்டலா?'

அவர் சிரித்து விட்டு, 'அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்க்கா. உங்களுக்குப் புரியாது. பணத்தை மட்டும் ரெடி பண்ணுங்க' என்றார். தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தது தான், எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று ராத்திரி, ஒன்பதாவது படிக்கும் என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அமெரிக்க வெளியுறவுத் துறையே, இந்த விசாவைப் பற்றி எல்லா விவரமும் வெளியிட்டிருக்கிறது. அவள் செல்போனில் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நான் எழுதிக் கொண்டேன். மூன்று ராத்திரி ஆனது.

இதற்கு ஜே 1 விசா என்று பெயர். 1961ல் வந்த சட்டத்தின் கீழ், மற்ற நாட்டுக்காரர்கள் அங்கே போய் கற்றுக் கொண்டு, திரும்பித் தங்கள் ஊருக்கு வருவதற்காக ஏற்பட்டது. இதில் ஸ்பான்சர் என்பது ஏஜென்ட் கிடையாது. பெரும்பாலும், வேலை கொடுக்கிற ஓட்டலும் கிடையாது. வெளியுறவுத் துறை அங்கீகாரம் கொடுத்த அமைப்புக்குத் தான், அந்தப் பெயர். டி.எஸ். 2019 என்ற தாளை, அவர்கள் மட்டும் தான் தர முடியும். அந்தத் தாள் இல்லாமல், சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் உள்ள துணைத் தூதரகத்தில் இன்டர்வியூவுக்குப் போயும் பிரயோஜனமில்லை. கல்யாணத் தரகர் பெண்ணுக்கு அப்பா ஆக முடியுமா? ஏஜென்ட் ஸ்பான்சர் ஆவதும் அப்படித் தான்! அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இன்னொரு தாள், டி.எஸ். 7002. இதைத் தான் நாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் கொண்டு பார்க்க வேண்டும் என்பேன். எந்த ஊர், எந்த ஓட்டல், யார் சொல்லித் தருவார், எந்த மாதம் என்ன கற்க வேண்டும், கையில் எவ்வளவு தருவர் என்று எல்லாம் அதில் எழுதி, போகிற பிள்ளை, ஓட்டல், ஸ்பான்சர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஓட்டல் தொழிலில், ஆறு மாதமோ அதற்கு மேலோ பயிற்சி என்றால், குறைந்தது மூன்று பிரிவில் மாற்றி மாற்றிச் சொல்லித் தர வேண்டும் என்பது விதி. வருஷம் முழுக்கப் பாத்திரம் கழுவ வைத்தால், அது பயிற்சி இல்லை.

அதோடு, ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன், ஸ்பான்சர் நேரிலோ, போனிலோ, வீடியோவிலோ அவனிடம் பேசியிருக்க வேண்டும். தம்பியைக் கேட்டேன். 'யாரும் பேசலையே... ஏஜென்ட் தான் எல்லாம் பார்த்துக்கிறேன்னார்' என்றான்.

படித்து முடித்து ஒரு வருஷத்துக்குள் இருப்பவர்களும், இப்போது படிப்பவர்களும், 'இன்டர்ன்' பிரிவில், 12 மாதம் வரை போகலாம். டிகிரியோடு, தொழிலில் ஒரு வருஷ அனுபவம் உள்ளவர்கள், 'ட்ரெய்னி'. அதில் பொதுவாக, 18 மாதம். ஆனால், ஓட்டல் தொழிலுக்கு, 12 மாதம் தான். ஏஜென்ட் சொன்னதோ, 'போனதும் ரெண்டு வருஷத்துல கிரீன் கார்டு!'

அதற்கும் ஒரு காரணம் சொன்னார். 'முன்னெல்லாம் திரும்பி வந்து ரெண்டு வருஷம் இந்தியாவுல இருக்கணும்னு ரூல். அது போயிடுச்சு' என்றார். இதில் பாதி நிஜம். எந்தெந்தத் தொழிலுக்குப் போனவர்கள் அப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியலில் இருந்து, 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்து விட்டனர். ஆனாலும், அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கும், மேற்படிப்புப் பயிற்சிக்குப் போகும் டாக்டர்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு இன்னும் உண்டு. மற்றவர்களுக்கு அது போனதால், கிரீன் கார்டு கையில் வந்து விடாது. பயிற்சி முடிந்தால், பெட்டியைக் கட்ட வேண்டியது தான்.

இதைக் கேட்டு விட்டு, தம்பிக்கு ஒரு இடத்தில் பெண் பேச ஆரம்பித்திருந்தார் அம்மா. 'மாப்பிள்ளை அமெரிக்கா' என்று, 30 பவுன் எதிர்பார்ப்பு வேறு! '12 மாசம்தாம்மா. பெண் வீட்டுல அதைச் சொல்லிட்டுப் பேசு' என்றேன். அதற்கு எனக்குக் கிடைத்த பட்டம், 'பொறாமை பிடிச்சவ.'

செலவே இல்லாத விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்க அரசுக்குக் கட்டும் செவிஸ் கட்டணம் 220 டாலர், விசாக் கட்டணம் 185 டாலர். நாங்கள் விசாரித்த போது, இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 35 ஆயிரம் ரூபாய். இது தவிர, ஸ்பான்சருக்கான கட்டணம், மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட் எல்லாம் இருக்கிறது. பெரிய தொகை தான். ஆனால், எது யாருக்குப் போகிறது என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லலாம் இல்லையா? 'மொத்தமா அஞ்சு லட்சம்' என்றால், நான்கு முழம் பூ வாங்கவே பேரம் பேசுகிற நாம், வாயை மூடிக் கொண்டு ஏன் கொடுக்க வேண்டும்?

எங்கள் தெருவில், பி.எட்., முடித்து ஐந்து வருஷமாகத் தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும், இதே ஆள் வலை வீசியிருக்கிறார். டீச்சர்களுக்கும், இதே விசாவில் தனிப் பிரிவு உண்டு. டிகிரியும், குறைந்தது இரண்டு வருஷ அனுபவமும் வேண்டும். மூன்று வருஷம் வரை அங்கே பள்ளியில் சொல்லித் தரலாம். நல்ல வாய்ப்பு தான். ஆனால், அவள் மாமியார் வளையலைக் கழற்றி வைத்த பிறகு தான், நான் விஷயத்தைக் கேள்விப்பட்டேன்.

தாள் எல்லாம் சரியாக இருந்தாலும், ஏமாற்றம் வராது என்று அர்த்தமில்லை. 2011ல், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில், இதே விசாவின் கோடைக்கால வேலைப் பிரிவில் போன பல நாட்டு மாணவர்கள், சாக்லேட் கிடங்கில் வேலைநிறுத்தம் செய்தனர். ஆயிரக்கணக்கான டாலர் கட்டிப் போனவர்களுக்கு, ராத்திரி ஷிப்டில் பெட்டி தூக்குகிற வேலை. வாடகை பிடித்தம் போக, கையில் சொற்பம். அடுத்த வருஷம், அந்த ஸ்பான்சர் அமைப்பையே அந்தத் திட்டத்தில் இருந்து நீக்கினர். ஸ்பான்சர் யார் என்று வெளிப்படையாகத் தெரிந்ததால் தானே, அவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடிந்தது? பெயரே தெரியாமல் போனவன், யாரிடம் போய் முறையிடுவான்?

என் கருத்து இது தான். இந்த மாதிரிப் பயணங்களுக்கு முதல் பணம், பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கழுத்தில் இருந்து தான் போகிறது. பணம் தருகிறவளுக்குத் தாளைக் காட்ட மாட்டேன் என்பது என்ன நியாயம்? இங்கிலீஷ் தெரியாதது குற்றமில்லை. பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லலாம், பள்ளிக்கூட டீச்சரைக் கேட்கலாம். அப்படிக் கேட்டால், 'அபசகுனமா பேசாதே' என்று அடக்குகின்றனர். நாமும், நமக்கு எதற்கு பொல்லாப்பு என்று கழற்றிக் கொடுத்து விட்டு, வட்டி ஏறும் போது அடுப்படியில் நின்று அழுகிறோம்.

மறுபடியும் தம்பியோடு போனேன். 'ஸ்பான்சர் பெயரை இந்த நோட்டுல எழுதித் தாங்க. பட்டியல்ல இருந்தா, நாளைக்கே நகையை வைக்கிறேன்' என்றேன். எழுதித் தரவில்லை. 'நம்பிக்கை இல்லாதவங்க வேற இடம் பார்த்துக்கங்க' என்றார். நான்கு முறை அலைந்து, 40 ஆயிரத்தில், 25 ஆயிரம் திரும்பி வாங்கினோம். 15 ஆயிரம் போனது போனது தான்.

தம்பி, இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அந்தச் சம்பந்தமும் நின்று போனது. 'உன்னால தான்' என்று, அம்மா இன்னமும் ஜாடையாகச் சொல்கிறார்.

பின், அவனே அந்தப் பட்டியலைப் பார்த்து, ஓட்டல் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் ஸ்பான்சர்கள் சிலருக்கு எழுதிப் போட்டான். இரண்டு இடத்தில் பதிலே இல்லை. மூன்றாவது இடத்தில், வீடியோவில் 40 நிமிஷம் பேசினர். போன வாரம், டி.எஸ். 7002ன் நகலை எடுத்து வந்து, என் சமையல்கட்டில் உட்கார்ந்து, வரி வரியாகப் படித்துக் காட்டினான். நான்கு மாதம் சமையல், நான்கு மாதம் பேக்கரி, நான்கு மாதம் விருந்துக்கூடம். கட்டண ரசீது, ஸ்பான்சர் பெயரிலேயே இருந்தது.

அம்மா கேட்பதற்கு முன், ஆரத்தை நானே கழற்றி, கூட்டுறவு பாங்கில் வைத்து விட்டு வந்தேன். ரசீது, என் பெயரில், என் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. இன்டர்வியூ அடுத்த மாதம். அவன் தட்டுத் தடுமாறி இங்கிலீஷ் பேசிப் பழக, தினமும் ராத்திரி என் மகள் தான் தூதரக ஆபீசராக உட்கார்ந்து கேள்வி கேட்கிறாள்!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.