மனையிருந்து வினை செய்தல்

வீட்டிலிருந்தே உத்தியோகம் பார்த்தல் என்பது 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொள்ளைநோயோடு நம் நாட்டிற் பரவிற்று. 2022 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் எரிபொருள் கிடையாமையால், அரசாங்க ஊழியரிற் பெரும்பகுதியினர் இருவாரம் வீட்டிலிருந்து கடமையாற்றுமாறு பொது நிருவாக அமைச்சு சுற்றுநிருபம் விடுத்தது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் வீட்டுத்தோட்டஞ் செய்க என்றதும் அக்காலத்திலேயே. வீட்டிலிருப்போர்க்கு வினையில் ஊக்கம் குன்றுமோ என்னும் வினா இன்னும் ஓய்ந்தபாடில்லை.

திருவள்ளுவர் ஊக்கமுடைமையை ஓரதிகாரமாகவும் மடியின்மையை அதனையடுத்த அதிகாரமாகவும் வைத்தார். சோம்பாமை வேறு, ஊக்கம் வேறு என்பது அவ்வைப்புமுறையாற் புலனாகும். மேலதிகாரியின் கண்ணுக்கு அஞ்சி நாற்காலியில் அமர்ந்திருப்பவனிடம் மடி தோன்றாதிருக்கலாம். அதுகொண்டு அவன் ஊக்கமுடையான் எனத் துணிதல் கூடுமோ?

சீனத்துப் பிரயாண நிறுவனமொன்றில் 2010, 2011 ஆம் ஆண்டுகளில் நிக்கலஸ் புளூம் முதலிய பொருளியலறிஞர் ஒரு சோதனை நடத்தினர். வீட்டிலிருந்து தொலைபேசிப் பணி புரிந்தோர் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு மிகுதியாக வேலை செய்தனர். ஆயினும் சோதனை முடிந்தபின் இடத்தைத் தாமே தெரிந்துகொள்ள விட்டபோது, கந்தோருக்கு மீண்டோர் பலர். தனிமையே அவர் கூறிய காரணம்.

அத்தனிமையை ஆசிரியனாகிய யானும் அறிவேன். கைத்தொலைபேசியை நோக்கி நன்னூற் சூத்திரத்துக்கு உரை கூறுங்கால் எதிரே முகமில்லை. விளங்காத மாணவனின் புருவச் சுளிப்பைக் கண்டே அடுத்த உதாரணத்தைச் சொல்லிப் பழகியவன் யான். முன்னையினும் அதிக நேரம் பாடம் ஆயத்தஞ் செய்தும் அந்நாளில் உதாரணம் நாவில் வரவில்லை. மடியென்று அதனை எவரும் சொல்லார்.

2022 இல் நிகழ்ந்தது இதனினும் வேறு. கோப்புகள் கந்தோரில், உத்தியோகத்தர் வீட்டில், மின்சாரமோ வந்து வந்து போயிற்று. செய்வதற்கு வினையைக் கொடாது ஊக்கம் எங்கே என்று கேட்பது நியாயமன்று.

இன்று யாழ்ப்பாணத்திலிருந்தே பிறநாட்டு நிறுவனங்களுக்குத் தொழில் செய்யும் இளைஞர் உளர். அவர்க்கு வினை உண்டு, தவணையும் உண்டு. வீட்டார்தாம் அதனை வேலையென்று ஒப்புவதில்லை. "தம்பி, சும்மாதானே இருக்கிறாய், ஒருக்கா கடைக்குப் போட்டு வா" என்னும் குரல் விறாந்தையிலிருந்து வரும். பெண்பிள்ளையாயின் அழைப்பு அடுக்களையிலிருந்து. என்னிடம் பயின்ற ஒருத்தி இப்பொழுது நகரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, நாள்தோறும் பேருந்தேறிச் சென்று, அங்கிருந்து தன் "வீட்டு வேலை"யைச் செய்துவருகிறாள்.