கரை கரையுமுன் தமிழில் கூறுக!

கொங்கு நாட்டுக்குச் சோறிடும் கைகளுள் ஒன்று கீழ்ப்பவானி அணை. வானியாற்றை மறித்து 1948-இல் தொடங்கி 1955-இல் முடித்த அவ்வணை, எட்டுக் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் மண்கரை. 105 அடிக்கு நிறைந்தால் 3,280 கோடிக் கன அடி நீர் நிற்கும். அந்நீர் 200 கிலோமீட்டர் வாய்க்காலில் ஓடி, இரண்டு இலக்கத்து ஏழாயிரம் ஏக்கரை நனைக்கின்றது. தமிழ் மண்ணைக் குவித்தெழுப்பிய அணைக்குப் பெயர் மட்டும் 'சாகர்'! கடல் என்னும் சொல்லுக்கு நம்மிடம் பஞ்சமா? போகட்டும், பெயரால் கரை உடையாது.

எதனால் உடையும்? கற்கட்டின்மேல் நீர் வழிந்தால் அது சிறிது நேரமேனும் தாங்கும், மண்கரை தாங்காது. வழிநீர் பின்சரிவை அறுக்கும். அறுத்த வாய் அகலும். பின் அடைக்க எவராலும் ஆகாது. உள்ளரிப்போ இதனினும் கொடிது. கரையடியில் கசியும் நீர் தெளிந்து வருமாயின் அஞ்ச வேண்டா. கலங்கி வருமாயின் அணையின் உடலே கரைந்து வருகின்றது என்று பொருள். மரவேரும், எலிவளையும், கறையான் புற்றும் அதற்கு வழி திறப்பன. நம் ஏரிக்காவலர் இதனை ஏட்டிற் படித்தா அறிந்தனர்?

"எழுபதாண்டு நின்றது, இனியும் நிற்கும்" என்பார் உளர். குசராத்தில் மோர்பி நகரை 1979-இல் விழுங்கிய மச்சு அணைக்கு அகவை பத்துக்கூட இல்லை. கலிங்கின் அளவை மிஞ்சி வெள்ளம் வந்தது, மண்கரைமேல் வழிந்தது, ஊரே மூழ்கிற்று. அத்துணைத் தொலைவு ஏன்? கொடகனாற்று அணை 1977-இல் அவ்வாறே உடைந்தது நம் தமிழ்நாட்டில்தான். பரம்பிக்குளத்து மதகொன்று 2022-இல் பெயர்ந்து பெருநீர் போனதைப் பொள்ளாச்சி உழவர் மறந்திலர். ஆகவே ஆண்டுக் கணக்கு நமக்குக் காப்பாகாது. கலிங்கு எவ்வளவு கழிக்கும், மதகு தடையின்றி எழுமா, கசிவின் அளவென்ன என்பவையே கேட்க வேண்டியவை.

நீர் கூடுதலாகத் தேக்க வேண்டுமென்று கரையை மட்டும் உயர்த்தச் சொல்வோரும் உளர். கரை உயரின் அடியும் அகல வேண்டும். கலிங்கும் அதற்கேற்ப அமைய வேண்டும். வண்டலை அள்ளுவதே நன்று. வயலுக்கும் அஃது உரம். ஆனால் கரையை ஒட்டித் தோண்டுபவன் தன் வீட்டுக் கடைகாலைத் தோண்டுபவனே.

உலக வைப்பகத்திடம் கடன் பெற்றுத் தமிழக அணைகள் பலவற்றில் 2012 முதல் சீரமைப்பு நடந்து வருகின்றது. நன்று. ஆனால் அணைகாப்புக்கென மைய நீர் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நூல்கள் எம்மொழியில் உள்ளன? ஆங்கிலத்தில்! கலிங்கு, மதகு, மடை, தூம்பு, குமிழி, அலைகல் என ஏரிக்கலைக்கே ஒரு சொற்களஞ்சியம் வைத்திருந்த இனம், தன் அணையின் நலத்தைப் பிறர் மொழியில் கேட்டறிய வேண்டுமாம். என் வகுப்பில் ஒருநாள் 'கலிங்கு' யாதெனக் கேட்டேன், ஒருவனும் அறிந்திலன். மறுநாள் ஒருவன் எழுந்து, "எங்க அப்பாருக்குத் தெரியுதுங்க ஐயா" என்றான். அப்பாரோடு அச்சொல்லும் போய்விடுமோ?

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை நாம் எதிர்த்தோம். வேற்று மாநில எல்லைக்குள் நிற்கும் நம் அணைகளின் கண்காணிப்பை அது நடுவண் ஆணையத்தின் கையில் வைத்தது. அவ்வெதிர்ப்பில் இன்றும் மாற்றமில்லை. ஆயினும், ஒவ்வோர் அணைக்கும் இடர்க்காலச் செயல்திட்டம் ஐந்தாண்டுக்குள் வேண்டும் என்னும் அதன் விதியை விட்டுவிடலாகாது. அத்திட்டம் கோட்டைப் பேழையில் உறங்குதற்கன்று. அணை உடைந்தால் சத்தியமங்கலத்துக்கு எத்தனை நாழிகையில் வெள்ளம் வரும், கோபி வட்டத்து ஆற்றோரச் சிற்றூரார் எம்மேட்டில் ஏற வேண்டும், பவானிக் கூடுதுறையில் மணியடிப்பவர் யார் என்பன நல்ல தமிழில் அச்சாகி, ஆற்றங்கரையின் ஒவ்வோர் ஊர்ச் சாவடியிலும் ஒட்டப்படல் வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன்பே ஒட்டப்படல் வேண்டும்.